கடனில் கரைந்த அரண்மனையும் கல்லில் நிலைத்த பள்ளிவாசலும்: திருவல்லிக்கேணி நமக்குச் சொல்லும் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலிருந்து பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்குப் பேருந்தேறும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அங்கிருந்து பெங்களூருக்குச் செல்கின்றனர். சிலர் சென்னைக்குச் செல்கின்றனர். மானாவாரி நிலம் கைவிட்டால் நகரமே கதி என்பது நம் வட்டாரத்தில் பழகிப்போன வழக்கு. அவ்வாறு சென்ற, நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரைக் காண நாம் ஒருமுறை சென்னைத் திருவல்லிக்கேணிக்குச் சென்றிருந்தோம். ஜாம்பஜார் பக்கம் தள்ளுவண்டியில் காய்கறி விற்பது அவருடைய தொழில். அங்கே ஒரு நாள் முழுவதும் நடந்து கண்டவற்றையும், அவற்றின் பின்னால் இருக்கும் வரலாற்றையும், இறுதியில் அந்த மாணவரிடம் கேட்ட ஒரு கணக்கையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

நகரத்தின் முதல் விந்தை அதன் பெயர்களில் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் “ஐஸ் ஹவுஸ்” என்றால் உடனே வண்டியை எடுக்கிறார். ஆனால் அங்கே பனிக்கட்டி இல்லை. 1842-இல் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கிடங்கு அது. வணிகம் நின்றது, கட்டடம் கைமாறியது, 1897-இல் விவேகானந்தர் அதில் தங்கினார், இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது. எனினும் மக்கள் நாவில் அந்த வட்டாரம் ஐஸ் ஹவுஸ்தான். பனிக்கட்டி கரைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னரும் அதன் பெயர் கரையவில்லை.

“சேப்பாக்கம்” என்னும் பெயரும் அத்தகையதே. இளைஞர்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். 1952-இல் இந்திய அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்ற இடம் அதுவே. அரசு அலுவலகங்களுக்கு மனுவோடு வருபவருக்கோ சேப்பாக்கம் என்பது எழிலகம். கையில் கோப்பு, காலில் தூசி, “நாளை வாருங்கள்” என்னும் பதில். மைதானத்தில் ஆரவாரம் எழும்போது அருகிலுள்ள அலுவலகத்தில் முத்திரை குத்தும் ஓசை கேட்கும். இவ்விரு கூட்டத்தாரும் நின்றுகொண்டிருப்பது ஒரு நவாபின் அரண்மனைத் தோட்டத்தில் என்பதை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் இன்னொரு விந்தை. “மேன்ஷன்” என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மாளிகை என்பது பொருள். இங்கே அது, வேலை தேடியும் வேலை கிடைத்தும் வந்த இளைஞர்கள் ஒரு கட்டிலை வாடகைக்குப் பிடித்து வாழும் அடுக்கு விடுதி. காலையில் குளியலறை வரிசையில் வாளியோடு நிற்பவர் மாளிகைவாசி! நிலமோ ஒரு காலத்தில் மெய்யாகவே மாளிகை இருந்த பகுதி. இந்த முரண்நகையை உணர வேண்டுமாயின் நாம் 18-ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

கடன் வாங்கிய நவாப்

1749-ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு ஆட்சியைப் பெற்றார். ‘வாலாஜா’ என்பது அவர் பெற்ற பட்டம். வாலாஜா சாலை, வாலாஜாபேட்டை ஆகியவை அதன் எச்சங்கள். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை அவருடைய ஆட்சியுரிமையை ஏற்றது. ஆர்க்காட்டை விட்டு ஆங்கிலேயரின் கோட்டைக்கு அருகிலேயே வாழ விரும்பிய அவர், 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளைக் கொண்ட அந்த அரண்மனையின் வளாகம் 117 ஏக்கர் பரப்புடையது.

துணைக்கு வந்த கம்பெனி, துணைக்கு விலை கேட்டது. படைச் செலவை நவாபின் கணக்கில் எழுதியது. வரிப்பணம் வந்து சேருமுன் தவணை வந்து நின்றது. ஆகவே நவாப் கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனியின் ஊழியர்களிடமே! கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் கம்பெனியின் ஊழியர்களிடம் வட்டிக்குப் பெற்றுக் கம்பெனிக்கே செலுத்தினார். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 30-ஐயும் தாண்டியது. 1767-இல் பழைய கடன்களை ஒன்றாகத் திரட்டி 10 விழுக்காடு என்று வகுத்தனர். 1777-இல் மீண்டும் ஒரு திரட்டல். இம்முறை 12 விழுக்காடு. ஈடாக வைக்கப்பட்டவை கிராமங்களின் வரி வருவாய்கள். அதாவது, நவாப் ஒப்பமிட்ட பத்திரத்திற்கு வட்டி கட்டியவர் ஏர் பிடித்த உழவர்.

அந்தக் கடன்காரர்களுள் தலையாயவர் பால் பென்ஃபீல்டு. 1764-இல் கம்பெனியின் பொறியாளராக மதராசுக்கு வந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்று சொல்லப்படுகிறது. வீடு கட்டிக் கொடுத்தவரே வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவருமானார். தஞ்சாவூரின் வருவாயின் மீது தமக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு உரிமை உண்டு என்று அவர் கோரியதும், அதை ஆளுநர் பிகட் பிரபு ஏற்க மறுத்ததும் பெரும் பூசலாயின. 1776 ஆகஸ்டில் ஆளுநரையே அவருடைய ஆலோசனைச் சபையினர் சிறைப்படுத்தினர்; அடுத்த ஆண்டு அவர் காவலில் இருந்தபடியே இறந்தார். ஒரு கடன் பத்திரம் ஓர் ஆளுநரை விழுங்கியது.

செய்தி இலண்டன் வரை சென்றது. 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் எட்மண்ட் பர்க், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நெடிய உரை நிகழ்த்தினார். இக்கடன்களை விசாரணையின்றிச் செலுத்த ஆணையிட்ட அரசை அவர் கண்டித்தார். எனினும் அன்று அவர் சொல் எடுபடவில்லை.

1801-இல் கம்பெனி, கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் ஓர் உடன்படிக்கையால் எடுத்துக்கொண்டது. நவாபுக்கு எஞ்சியவை பட்டமும் வருவாயில் ஒரு பங்கும் மட்டுமே. பின்னர் 1805-இல் கடன்களை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டபோது வெளிப்பட்ட உண்மை நம்மை இன்றும் திகைக்க வைக்கிறது. கடன்காரர்கள் கோரிய தொகை ஏறத்தாழ 3 கோடி பவுண்டு. ஆய்ந்து பார்த்து நேர்மையானதென்று ஏற்கப்பட்டது சுமார் 27 லட்சம் பவுண்டு. பத்தில் ஒரு பங்குகூட மெய்யில்லை! எஞ்சியவை வட்டி, வட்டிக்கு வட்டி, பொய்ப் பத்திரம்.

1855-இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் நீக்கப்பட்டது. கடனை அடைப்பதற்காக அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. அரண்மனை அலுவலகமானது இவ்வாறுதான். 2012 ஜனவரியில் கலஸ் மஹாலில் பெருந்தீ பற்றியதும், பின்னர் அது செப்பனிடப்பட்டதும் நம் காலத்தவர் அறிந்ததே. குடும்பத்தினருக்குப் பின்னாளில் ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டமும் இராயப்பேட்டையில் அமீர் மஹாலும் வழங்கப்பட்டன.

இரண்டு மரணங்கள்

சேப்பாக்கத்திலிருந்து வாலாஜா சாலை வழியே மேற்கே நடந்தால், காயிதே மில்லத் சாலை என்று இன்று வழங்கும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசல் தெரிகிறது. மக்கள் அதைப் பெரிய பள்ளிவாசல் என்பர். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. நவாபின் குடும்பத்தார் 1795-இல் கட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் நவாப் முஹம்மது அலி மறைந்தார்.

பள்ளிவாசலின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டில் ஒரு நுட்பம் உண்டு. அரபி எழுத்துகளுக்கு எண் மதிப்பு இருப்பதை நாம் அறிவோம். இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்று பொருள்படும் குர்ஆனியச் சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால் 1209 என்னும் ஹிஜ்ரி ஆண்டு வருகிறது. நம் மத்ரஸாப் பிள்ளைகள் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம். அதை இயற்றியவர் நவாபின் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். அவருடைய புனைபெயர் ‘கிரத்’. பாரசீகத்தில் அறிவு என்பது அதன் பொருள்.

அந்த வளாகத்தில் அடக்கமாகியிருப்பவர்களுள் இருவரை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் 1972 ஏப்ரல் 5-இல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். மற்றவர் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலி (ரஹ்). இன்று நாட்டின் மத்ரஸாக்களில் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த லக்னோ ஃபிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மைந்தர் இவர். நவாபின் அழைப்பையேற்று மதராசுக்கு வந்து பாடம் நடத்தினார். உசூலுல் ஃபிக்ஹில் அவர் எழுதிய ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’ இன்றும் ஆலிம்களால் புரட்டப்படுகிறது.

அவர் மறைந்தது 1810-ஆம் ஆண்டில். கடன்காரர் பென்ஃபீல்டு மறைந்ததும் அதே 1810-இல்தான். நவாபைக் கசக்கிப் பிழிந்து செல்வந்தராகி, இலண்டனில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அந்த மனிதர், வணிகத்தில் நொடித்துப் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். கடன் கொடுத்தவரும் நிலைக்கவில்லை. வாங்கியவரின் மாளிகையும் நிலைக்கவில்லை. நிலைத்தவை மக்கள் ஐவேளையும் பயன்படுத்தும் பள்ளிவாசலும், ஓர் ஆலிம் விட்டுச்சென்ற கல்வியுமே. வட்டியை அல்லாஹ் அழிக்கிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்னும் அல்பகராவின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான விரிவுரையை ஒரு நகரத்தின் வரைபடத்தில் காண்பது அரிது.

மாலையின் விந்தைகள்

பள்ளிவாசலை ஒட்டிய இன்னொரு விந்தை ‘தி முசல்மான்’ என்னும் உருது மாலை நாளிதழ். 1927-இல் சையித் அஸ்மத்துல்லாஹ் தொடங்கியது. அவ்வாண்டு மதராசில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அதை வெளியிட்டுத் தொடங்கிவைத்தார். கணினி வந்து உலகமே மாறிய பின்னும், நாணற்கோலும் மையும் கொண்டு காத்திப்கள் ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே எழுதி அச்சுக்கு அனுப்பி வந்தனர். முதற்பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டு வைப்பர். கடைசி நேரச் செய்தி வந்தால் அதில் எழுதப்படும். அவசரமே வாழ்க்கையாகிவிட்ட நகரத்தில், ஓர் எழுத்தின் வளைவுக்காகக் காத்திருக்கும் நாளிதழ்!

ரமளானில் மஃரிப் நேரத்தில் இப்பள்ளிவாசலின் முற்றத்தில் இன்னொரு காட்சி. தேசப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய, மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பின் இந்துத் தொண்டர்கள், தலையில் தொப்பி அணிந்து நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறுகின்றனர். இது பல்லாண்டு வழக்கம். மேன்ஷன் இளைஞர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனைக்கு வந்த வெளியூரார் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். எவருக்கும் இது கடன் இல்லை. எவரும் பத்திரம் எழுதவில்லை.

900 ரூபாய்க் கணக்கு

இனி நம் மாணவரின் கணக்குக்கு வருவோம். அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய வண்டியருகே நின்றோம். இருசக்கர வண்டியில் ஒருவர் வந்தார். மாணவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வந்தவர் ஒரு சொல்லும் பேசாமல் சென்றார்.

“யார் தம்பி?” என்றோம்.

அவர் தலைகுனிந்து, “விடியற்காலை 900 ரூபாய் கொடுப்பார், ஹஜ்ரத். மாலையில் 1,000 கொடுக்க வேண்டும்” என்றார்.

“எத்தனை நாளாக?”

“வந்த நாள் முதலாகவே, ஹஜ்ரத். முதல் இல்லாமல் காய் எடுக்க முடியாதே!”

நாம் அவருடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வட்டி. ஒன்பது நாளில் 900. அதாவது ஒன்பது நாளில் அவர் முதலளவு பணத்தை வட்டியாகவே கொடுத்துவிடுகிறார். ஆயினும் பத்தாம் நாள் விடியலில் அவரிடம் முதல் இல்லை. நவாபின் 10 விழுக்காட்டுக் கடனில் வட்டி முதலுக்குச் சமமாகப் பத்தாண்டு ஆனது. சேப்பாக்கம் அரண்மனையை விழுங்கிய வட்டியைவிடப் பன்மடங்கு கொடியது, அதே திருவல்லிக்கேணியில் ஒரு தள்ளுவண்டியின் மீது ஏறி அமர்ந்திருக்கிறது.

இவ்வகைக் கடனுக்கு நகரம் வைத்திருக்கும் பெயர்களே ஒரு விந்தை: கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல். ஆட்டோவின் மீட்டர் போல ஓடுவதால் மீட்டர் வட்டி. கடிகாரம் பார்த்து வாங்குவதால் மணி வட்டி. தமிழ்நாடு அரசு 2003-இல் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றியபோது இப்பெயர்கள் சட்டத்திலேயே இடம்பெற்றன. சட்டம் இருக்கிறது, இருசக்கர வண்டியும் மாலைதோறும் வருகிறது.

இவ்விடத்தில் நாம் நகரத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவர் கையில் முதலாக ஓர் ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்ப நம்முள் எவருக்கும் தோன்றவில்லை. “தொழுகையை விட்டுவிடாதே” என்றோம், சரியே. “வட்டிக்கு வாங்காதே” என்றும் சொன்னோம். வாங்காமலிருக்க வழி செய்தோமா? இல்லை. மகளின் திருமணத்திற்கு விருந்தும் நகையும் கடனில் செய்துவிட்டு, அக்கடனை அடைக்க மகனை நகரத்திற்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? நவாபும் கடன் வாங்கியே வீழ்ந்தார்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று வினவப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய்யுரைக்கிறார், வாக்களித்தால் மீறுகிறார் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்கத் தயங்கி நின்றபோது, அபூகதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழுவித்தார்கள். பின்னாளில் பொருள்வளம் வந்ததும், கடனோடு இறக்கும் இறைநம்பிக்கையாளரின் கடன் தம் பொறுப்பு என்று அறிவித்தார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது: கடனை அஞ்ச வேண்டியது தனிமனிதரின் கடமை, அக்கடனிலிருந்து அவரை மீட்பது சமூகத்தின் கடமை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாக இருப்பதும், சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்லும் வசனம் அதற்குச் சற்று முன்னரே வருவதும் சிந்திக்கத்தக்கவை.

திருவல்லிக்கேணியே இதற்கு ஒரு முன்மாதிரியும் தருகிறது. 1904-இல் அங்கே நடுத்தரக் குடும்பத்தினர் சிலர் கூடித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் காட்டிய வழியைப் பின்பற்றி, சிறு பங்குகளைச் சேர்த்துப் பொருள் வாங்கி நியாய விலையில் விற்றனர். இந்தியாவின் தொடக்ககாலக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் ஒன்று அது. நவாபுக்கு இயலாததைச் சிறு வருவாய்க்காரர்கள் சிறு தொகைகளைச் சேர்த்துச் செய்தனர். பைத்துல்மால் என்று நம் ஜமாஅத்கள் வைத்திருக்கும் ஏற்பாடும் உயிரோடு இருந்தால் இதையே செய்ய முடியும்.

அன்று மாலை நாம் செய்தது மிகச் சிறியது. 900 ரூபாயை அழகிய கடனாக அவரிடம் கொடுத்தோம். தொகையையும் தவணையையும் நோட்டில் எழுதினோம். பக்கத்துப் பூக்கடை அம்மாவின் மகனும் தேநீர்க்கடைக்காரரும் சாட்சிக் கையொப்பமிட்டனர். நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று பேச்சு. கணக்குப்படி 18 நாளில் முடிந்திருக்க வேண்டும். மழை பெய்த சில நாள்கள் அவரால் அனுப்ப முடியவில்லை, 23 நாளாயிற்று. கடைசித் தவணை கைப்பேசியில் வந்து சேர்ந்த அன்று அவர் பேசினார்: “ஹஜ்ரத், இன்று காலை என் பணத்தில் காய் எடுத்தேன்.”

அந்தத் தொகையை நாம் செலவு செய்யவில்லை. அடுத்து நகரத்திற்குப் புறப்படும் பிள்ளைக்காக அது ஓர் உறையில் இருக்கிறது. ஜமாஅத் பெரியவர்களிடம் பேசியதில் மேலும் சில உறைகள் சேர்ந்துள்ளன. உங்கள் ஊரிலும், இன்ஷா அல்லாஹ், ஒரு பிள்ளை பேருந்தேறும் முன் அவர் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் கடனின் பாரத்திலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் காப்பாயாக. ஹலாலானதைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக. ஆமீன்.